எல்லே இறுதியாட்டமும் என் தண்ணீர் வார்ப்பும்

நான் பெரியபிள்ளையான வருடத்தைப் பற்றி யாராவது கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது பட்டுப் பாவாடையுமில்லை, பலகாரமுமில்லை. எல்லே. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டுத் தலைதெறிக்க ஓடுகிற அந்த எல்லேதான். ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையில் ஒரேயொரு தரம் வருகிற நாளை இரண்டு ஆண்கள் பந்துக் கதை கதைத்தே நாசமாக்கப் பார்த்தார்கள். ஒருவர் என் அப்பா. மற்றவர் அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் பண்டகசாலைப் பொறுப்பாளர். மாமா அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கலியாணம் கட்டாதவர், அடுத்த ஒழுங்கையில் தனியே இருந்தார், இராச்சாப்பாடு எங்கள் வீட்டில். இருவரும் துறைமுகத் தொழிலாளர் எல்லே அணியில் ஆடினார்கள். அப்பா தலைவர். மாமா பந்து போடுகிறவர்.

எல்லே தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த விளையாட்டில் பந்து போடுகிறவன் எதிராளி அல்ல, அடிக்கிறவனுடைய சொந்த அணிக்காரன். அடிக்கிறவன் கேட்கிற உயரத்தில், கேட்கிற வேகத்தில் அவன் பந்தைப் போட்டுக் கொடுக்கவேண்டும். மூன்று பந்துதான். மூன்றையும் கோட்டைவிட்டால் ஆள் வெளியே. ஆகவே அடிக்கிற கையைவிடப் போடுகிற கைதான் பெரிது. எங்கள் அணியில் யாருக்கு இடுப்பளவில் வேண்டும், யாருக்கு நெஞ்சளவில் வேண்டும் என்று மாமா அறிவார். அப்பாவுக்குத் தொடைக்குக் கொஞ்சம் மேலே, மெதுவாக. அந்தப் பந்து கிடைத்தால் அப்பா அதைக் கடலுக்குள் அனுப்பிவிடுவார் என்று ஊரே சொல்லும்.

அந்தச் சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டில் எங்கள் அணி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே பக்கத்து ஊரான கப்பல்துறையின் அணி. கடற்கரை மைதானத்தில் ஈ நுழைய இடமில்லை. நானும் அம்மாவும் பெண்கள் பக்கத்தில் ஓலைக் குடைக்குக் கீழே நின்றோம். கடைசியாக அடிக்க வந்தவர் அப்பா. ஒரு சுற்று முழுதாக ஓடினால் வெற்றி. மாமா பந்தைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டு தயாராக நின்றார்.

அப்போது அப்பா தடியைக் கீழே வைத்துவிட்டு மாமாவிடம் நடந்து போனார். பந்தைக் கேட்டு வாங்கினார். வாங்கி, சுங்கக் கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு இளம் கிளாக்கரைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார். அந்த மனுசன் அதற்கு முதல் ஒரு ஆட்டத்திலும் பந்து போட்டதில்லை. கொடுத்தவுடனேயே அவருக்கு வியர்த்துவிட்டது.

முதல் பந்து அப்பாவின் தலைக்கு மேலால் போனது. இரண்டாவது காலடியில் புழுதி கிளப்பியது. மூன்றாவதை அப்பா எட்டி அடித்தார். அது மேலே, மேலே, மேலே போய்க் கப்பல்துறைக்காரன் ஒருவனின் கைக்குள் வந்து விழுந்தது. முடிந்தது கதை. மாமா அந்த நேரத்தில் மைதானத்திலேயே இல்லை. செருப்பையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

இதோடு விட்டார்களா? விடுவார்களா! அடுத்த நாளிலிருந்து ஊருக்கு வேறு வேலையில்லை. சலூனில் அதே கதை, மீன் சந்தையில் அதே கதை. போடுகிற கையை யாராவது கடைசி நேரத்தில் மாற்றுவானோ, மாற்றினாலும் பந்தை அந்தக் கிளாக்கரிடமோ கொடுப்பது என்று எங்கள் முற்றத்துக்கே வந்து அப்பாவைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அப்பா ஒரு ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார். ஒருவரிடம் காற்று மாறிவிட்டது என்றார். இன்னொருவரிடம் வெயில் கண்ணில் குத்தியது என்றார். மூன்றாமவரிடம் மச்சானுக்குக் களைத்துப்போச்சு என்றார். அந்தக் கடைசிக் காரணம் எப்படியோ மாமாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

"எனக்குக் களைச்சதோ? நாள் முழுக்கக் கிரேனில நிக்கிறவன் நான். மூண்டு பந்து போடக் களைக்குமோ?" என்று மாமா ஒழுங்கையில் நின்று கத்தினார். எங்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இராச்சாப்பாட்டை அம்மா தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினால் அது மூடி திறக்காமல் திரும்பி வந்தது.

இந்த அமளிக்குள்தான் நான் பெரியபிள்ளையானேன். எனக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை.

என்னை ஒரு அறைக்குள் விட்டார்கள். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். பிறகு உளுத்தங்களி. மீன் கண்ணிலும் காட்டமாட்டார்கள். வெளியே போக ஏலாது, பள்ளிக்கூடம் ஏலாது. இருக்கிற ஒரே பொழுதுபோக்கு பலகைச் சுவருக்கு அப்பால் நடக்கிற கதையைக் கேட்பது. அங்கேயும் எல்லே! கிண்ணியாவிலிருந்து துணி கொண்டுவருகிற முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், என் பாவாடைத் துணியை அளந்துகொண்டே, "அந்தக் கடைசிப் பந்து ஈக்கிதே" என்று தொடங்கினார். தொடங்கினவர் எத்தனை முழம் அளந்தோம் என்பதை மறந்து மறுபடியும் முதலிலிருந்து அளந்தார். முட்டையை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நான் உள்ளே தலையில் அடித்துக்கொண்டேன்.

பெரியபிள்ளையானவளுக்குத் தாய்மாமன் வந்து பாலறுகு வைத்து, தலையில் தண்ணீர் வார்க்கவேண்டும். அதன்பிறகுதான் அவள் அறையை விட்டு வரலாம். எனக்கு இருப்பதோ ஒரேயொரு தாய்மாமன். அம்மா நேரிலே போய்க் கூப்பிட்டார். மாமா சொன்ன பதிலை அம்மா அழுதழுது அப்பாவிடம் ஒப்புவித்தது எனக்குச் சுவருக்குள்ளால் நன்றாகக் கேட்டது.

"பந்துக்கு வேற ஆள் பிடிச்ச மனுசன், தண்ணிக்கும் வேற ஆள் பிடிக்கட்டாம்."

அம்மா அதோடு விடவில்லை. "என்ர தம்பி வராட்டி இந்த வீட்டில சடங்கு இல்லை. பிள்ளை உள்ளுக்கையே இருக்கட்டும். ஏன் அவனை மாத்தினனீங்கள் எண்டு ஒரு சரியான காரணத்தைச் சொல்லுங்கோவன்!"

அப்பா என்ன செய்தார் தெரியுமா? சைக்கிளைக் கழுவப் போய்விட்டார். நல்ல சுத்தமான சைக்கிள். அதற்கு முதல்நாளும் கழுவியதுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒரு பந்து. ஒரு தேங்காய் அளவுகூட இல்லாத ஒரு பந்து. அதைத் தூக்கி யாரிடம் கொடுத்தால் என்ன, யார் போட்டால் என்ன? இவர்களுக்காக நான் கிழவியாகும்வரை களி தின்றுகொண்டு இந்த அறைக்குள் இருக்கவேண்டுமா? கடைசியில் அம்மாவின் தொல்லை தாங்காமல் அப்பா மாமா வீட்டுக்குப் போனார். போனவர் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அங்கேயும் போய்க் காற்றைப் பற்றித்தான் கதைத்தாராம். மாமா கதவைச் சாத்திவிட்டார். சரிதான் என்று நானும் சுவரில் ஒரு உதை கொடுத்தேன்.

ஆனாலும் நாள் குறித்தாகிவிட்டது, வெருகலிலிருந்து சொந்தங்கள் வண்டி கட்டி வந்தாகிவிட்டது. சடங்கன்று காலை கிணற்றடியைச் சேலைகளால் மறைத்து, பலகையில் என்னை உட்காரவைத்தார்கள். சுபநேரம் வந்துவிட்டது. மாமா வரவில்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைப் பிடிக்கலாமா என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வாசல் படலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் மாமா வந்தார். புதுச் சேட்டு, புது வேட்டி. யார் முகத்தையும் பார்க்கவில்லை. "பிள்ளைக்காக வந்தனான். வேற ஒருத்தருக்காகவும் இல்லை" என்று அப்பா நின்ற பக்கமாகச் சொல்லிவிட்டு நேரே கிணற்றடிக்கு வந்தார். பெண்களின் குரவைச் சத்தம் வானைப் பிளந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அப்பாடா என்று நினைத்தது என் பிழை. பாலில் தோய்த்த அறுகை மாமா என் உச்சியில் வைக்கவேண்டும். அவர் வைத்தது என் காதுக்குள். மறுபடி வைத்தார், அது மூக்கில் வழிந்தது. சரி, தண்ணீரையாவது ஒழுங்காக வார்ப்பார் என்று பார்த்தால், செம்பு குளிரில் பல் அடிப்பது போலக் குடத்தில் கடகடவென்று அடித்தது. தூக்கி வார்த்த தண்ணீர் என் தோளில் பாதி, அம்மாவின் சேலையில் பாதி. அடுத்த செம்பு என் நெற்றியில் டொங்கென்று இடித்தது. "ஆ! நோகுது மாமா!" என்று நான் கத்திவிட்டேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமனுக்கு வெட்கம் பிடித்துவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். மாமா சிரிக்கவில்லை. செம்பை இரண்டு கையாலும் பிடித்தார். அப்போதும் அது நிற்கவில்லை.

அப்போது சேலை மறைப்பை விலக்கிக்கொண்டு அப்பா உள்ளே வந்தார். தகப்பன் அந்த இடத்துக்கு வரக்கூடாது. பெண்கள் ஐயோ, ஐயோ என்றார்கள். அப்பா "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே வந்து, மாமாவின் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துச் செம்பைத் தாங்கிப் பிடித்தார். தண்ணீர் இப்போது நேராக என் உச்சியில் விழுந்தது.

மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அந்த மாதத்திலேயே முதல்தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அண்டைக்கே கண்டிட்டீங்களோ, அத்தான்?"

"தண்ணிய ஊத்து மச்சான். பிள்ளைக்குக் குளிருது."

இருவரும் சேர்ந்து ஊற்றினார்கள். தண்ணீர் முடிந்த பிறகும் அப்பா கையை எடுக்கவில்லை. நான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதைக் கண்டார், எப்போது கண்டார், எனக்கு என்ன தெரியும்? இங்கேயும் தங்களுடைய ஏதோ கதையைக் கொண்டுவந்துவிட்டார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானப் பந்தியில் யாரோ வழக்கம்போல இறுதியாட்டத்தை இழுத்தார்கள். மாமா இலையைப் பார்த்தபடி, "அத்தான் செய்ததுதான் சரி" என்றார். அவ்வளவுதான். பந்தி முழுதும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. சுங்கக் கந்தோர்க் கிளாக்கர் மட்டும் நிம்மதியில் இன்னொரு கரண்டி பாயாசம் கேட்டார். எனக்கோ கோபம் உச்சிக்கு ஏறியது. இந்த ஒரு வார்த்தையை முன்பே சொல்லித் தொலைத்திருந்தால் நான் அத்தனை முட்டையைப் பச்சையாக விழுங்கியிருப்பேனா?

அதன்பிறகு மாமா தானாகவே துறைமுகப் பெரியவரிடம் போய்க் கிரேன் வேலையை விட்டுவிட்டு, அப்பாவின் பண்டகசாலையில் ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். இருவரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தார்கள். எல்லே என்ற சொல்லையே எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. என் தலையில் வார்த்த தண்ணீரால்தான் சண்டை தீர்ந்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் பின்னேரம் குசினிக்குள் போனபோது, அம்மா மாமாவுக்குச் சோறு போட்டபடி அழுதுகொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"சண்டைதான் முடிஞ்சிட்டுதே. இனி என்னத்துக்கு அழுறீங்கள்?"

அம்மா மூக்கைத் துடைத்துவிட்டு, மாமாவின் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில், அவர் அள்ளிச் சாப்பிட, ஒரு பெரிய கரண்டி கொண்டுபோய் வைக்கச் சொன்னார். சோற்றுக்கு ஆராவது கரண்டி வைப்பினமோ என்று நான் முணுமுணுத்தேன். சொன்னதைச் செய் என்றார். கொண்டுபோய் மாமாவுக்கு முன்னால் டங்கென்று வைத்துவிட்டு விளையாட ஓடினேன்.