அக்காவின் வண்டிக்கு ஒரு டர்போ

அக்காவின் டீசல் வண்டிக்கு, என்ஜினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போ ஒன்று பழையதாகத் தேடி ஒரு வருஷம் போல அலைந்தேன். புதிது கிடைக்காது, அந்த மாடல் வருவதே நின்றுபோயிற்று. டர்போ போய் நீலப் புகை கக்கிக்கொண்டிருந்த வண்டியைச் சரிசெய்வதற்குள் வியாதி அக்காவைக் கொண்டுபோய்விட்டது. வண்டி மட்டும் எங்கள் தங்கவயலின் பாலகாட்டுப் பகுதியில் அவள் வீட்டு வாசலில் நின்றது.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் அக்காவின் புருஷர், என் மாமா, போன் செய்தார்.

"வண்டிய ஓட வெக்கணும் மச்சான். நீ தினம் பெங்களூர் போறவன்தானே, ஒரு டர்போ பாரேன்."

விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கோலார் தங்கவயல் கூட்டத்தில் நானும் ஒருவன். மதியச் சாப்பாட்டு நேரத்தை குஜிரிக் கடைகளுக்கு எழுதிவைத்தேன். உடைத்த வண்டிகளின் சாமான்கள் அங்கே மலையாகக் கிடக்கும். எந்த டர்போவைத் தொட்டாலும் கடைக்காரர் "டாக்டர் ஓட்டின வண்டி சார்" என்பார். அத்தனை டாக்டர்கள் இருந்தால் பெங்களூரில் ஒருவருக்கும் காய்ச்சலே வராது. டர்போ பார்க்க நத்தைக்கூடு மாதிரி இருக்கும். பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தால், "இன்னா சார், வூட்ல இன்னிக்கி நத்தை வறுவலா?" என்று கேலி பேசுவார்கள்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"எள்ளு எண்ணெய்க்கு காயுது, எலிப்புழுக்கை இன்னாத்துக்கு காயுது? அவளே போய்ட்டா. புள்ளையும் இல்ல. இனிமே அந்த ஆளு வூட்ல நமக்கு இன்னா கீது?"

பள்ளிக்கூட நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்ட மனிதரை இனி என்ன உரிமையில் கூப்பிடுவது? அக்காவோடு அவரும் போய்விடுவாரோ என்று பயமாகவே இருந்தது. டர்போ கையில் இருந்தால் அந்தப் பயம் கொஞ்சம் அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பாலகாட்டுக்குக் கொண்டுபோவேன். மாமா டர்போவுக்குள் விசிறி சுழலும் நடுத்தண்டைப் பிடித்து அசைத்துப் பார்ப்பார். முதல் டர்போவில் அது முன்னும் பின்னும் ஆடியது. "இது ஆபத்து. பக்கவாட்டுல லேசா ஆடினா பரவால்ல, ஆயில் இல்லாதப்ப அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் தள்ளிவிட்டார். அடுத்ததில் விசிறி இதழ் உடைந்திருந்தது. அதற்கடுத்ததில் வெடிப்பு. ஒவ்வொன்றையும் கடையில் சண்டை போட்டு மாற்றினேன்.

கடைசியில் பக்கத்து ஊரான பேத்தமங்களாவில், மரத்தில் மோதிய அதே மாடல் வண்டி ஒன்று ஒரு ஷெட்டுக்குப் பின்னால் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். டர்போவை நானே கழற்றினேன். இதழ், உறை, தண்டு எல்லாம் சுத்தம். நேராக மாமாவிடம் கொண்டுபோனேன்.

மாமா வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பக்கவாட்டுல ஆடுது மச்சான். இது வேணாம், வேற பாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னா மாமா, விளையாடுறீங்களா? அது தப்பில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் டர்போவை பானெட் மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இத மாட்டினா வண்டி ஓடிரும்."

"ஓடட்டுமே, அதுக்குத்தானே இவ்ளோ பாடு?"

"ஓடிட்டா அப்புறம் நீ எதுக்கு மச்சான் இங்க வருவ?"

அந்தப் பயம் எனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் வரவில்லை. ஸ்பேனரை எடுத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் இருவரும் சேர்ந்து அதை மாட்டினோம். பழைய ஆயில் எரிந்து கொஞ்சம் புகை வந்தது, பிறகு நின்றது. ராபர்ட்சன்பேட்டை வரை ஒரு சுற்றுப் போய்வந்தோம்.

அடுத்த ஞாயிறு கொண்டுபோக ஒன்றுமில்லை. ஆனாலும் சட்டையை மாட்டினேன்.

"வண்டிதான் ரெடியாயிடுச்சே, எங்கடா கெளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"மாமாவ பாக்கப் போறேம்மா. நான் போகலன்னா அந்த வூட்டுக்கு யாரும்மா போறாங்க?"

அம்மா அடுப்பங்கரைக்குப் போனாள். இனி ஒரு பாட்டு விழும் என்று செருப்பைத் தேடினேன். மீன்குழம்பு ஊற்றிய தூக்கோடு வந்து என் கையில் கொடுத்தாள்.

"சூடா கீது, சிந்தாம எடுத்துனு போ," என்றாள். "மாப்ளைய அடுத்த வாரம் இங்க வந்து சாப்புடச் சொல்லு."