அண்ணி வெட்டிய துண்டுகள்

எங்கள் தையல் கடையில் வெட்டுவது அண்ணி, தைப்பது நான். கோடு போடாமலே நூல் பிடித்தாற்போல வெட்டுவார். பன்னிரண்டு வருஷமாகப் பார்த்ததில் எனக்கு அது பெரிதாகவே தெரியவில்லை.

அவருக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு முடங்கிவிடுவார். மாதத்தில் எட்டு நாள் கத்தரி சும்மா கிடக்கும். டாக்டர் மூன்று மாத்திரைகளை, ஒவ்வொன்றையும் இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்தார். வலி வந்த நாட்களைக் குறித்துவரச் சொன்னார்.

அண்ணி அதோடு விடவில்லை. தினமும் காலையில் ஒரு துண்டுத் துணியில் கோடு போடாமல் ஒரே ஒரு வெட்டு. ஒரு சீட்டில் தேதியும் மாத்திரையின் பெயரும் எழுதி, துண்டோடு சேர்த்துக் குண்டூசி குத்தி டப்பாவில் போடுவார்.

"தலைவலிக்குத் துணியில ஆல்பம் போட்ட முதல் ஆள் நீங்கதான் அண்ணி" என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே வெட்டினார்.

முதல் மாத்திரையில் மத்தியானம் வரை தூக்கம். இரண்டாவதில் வலி இருந்த இடமே தெரியவில்லை, வீடே நிம்மதியானது. அப்போது அண்ணி கடைத் துணிகளைக் கோடு போட்டு வெட்டியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவதில் மாதம் இரண்டு நாள் மட்டும் வலி வந்தது.

"ரெண்டாவதையே தொடரலாம்மா. வலியே இல்லையே" என்றார் டாக்டர், ஆறு மாதம் முடிந்து நாங்கள் இருவரும் போனபோது.

அண்ணி டப்பாவைத் திறந்து துண்டுகளை மேசையில் பரப்பினார்.

"ரெண்டாவதுல லேசா வளைஞ்சிருக்கு. அவ்வளவுதானே?" என்றார் டாக்டர்.

நான் எட்டிப் பார்த்தேன். ஒரு துண்டில் எண்ணெய்க் கறை. கடைக்குத் தையல் பழக வரும் பெண்களில் யாரோ கோணலாக வெட்டியது என்று நினைத்து, ஒருநாள் நான் மெஷினைத் துடைத்துக் குப்பையில் போட்ட துண்டு அது. அண்ணி அதைப் பொறுக்கி எடுத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் குண்டூசி குத்தியிருக்கிறார். சீட்டில் இரண்டாவது மாத்திரையின் பெயர்.

"டாக்டர், பன்னிரண்டு வருஷமா இவங்க வெட்டினதைத்தான் தைக்கிறேன். இது இவங்க வெட்டினதுன்னு எனக்கே தெரியல" என்றேன்.

டாக்டர் அந்தத் துண்டைக் கையில் எடுத்து, மூன்றாவது மாத்திரையின் துண்டோடு வைத்துப் பார்த்தார். "மூணாவதுல வெட்டு நேராத்தான் இருக்கு. ஆனா மாசம் ரெண்டு நாள் வலிக்குமேம்மா?"

"ரெண்டு நாள் படுத்துக்கறேன் டாக்டர். மிச்ச நாள் கை என்னோடதா இருக்கட்டும்."

மறுநாள் காலை கடையில் அண்ணி கத்தரியை எடுத்தார். மெஷினை நிறுத்திவிட்டு முதல்முறை பார்ப்பவள்போல் பார்த்தேன். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.