வாழைக்கன்று கட்டிய வாடகை வண்டி

ஹெப்பகோடியில் எங்கள் சந்து முனையில், மருந்துக்கடை ஓரமாக வாடகை பேட்டரி வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். செல்போனைக் காட்டினால் பூட்டு திறக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்வார். லைசென்ஸ் வேண்டாம் என்றதும் என் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

புருஷன் விட்டுப் போன பிறகு அவளும் அவள் மகனும் என்னோடுதான் இருந்தார்கள். எனக்கு விடியற்காலை ஷிப்ட். ஆறு வயதுப் பையனை மெயின் ரோட்டில் ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, கம்பெனி கேட்டை மூடுவதற்குள் அவள் போய்ச் சேர வேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது, வேன் போன பிறகு நடந்தால் நேரத்துக்குப் போக முடியாது. சொந்த வண்டிக்கு எங்களுக்கு ஏது வசதி? வாடகை வண்டி வந்த பிறகுதான் அவள் காலையில் பையனைத் திட்டாமல் சோறூட்டினாள்.

ஒரு நாள் மருந்துக்கடை ஓரம் காலியாகக் கிடந்தது. அன்று கேட்டுக்கு வெளியே நின்று அழுதுவிட்டுத் திரும்பினாள். சாயங்காலமே எங்கிருந்தோ ஒரு வண்டியைப் பிடித்து வந்து, எங்கள் காம்பவுண்டுக்குள் மாடிப்படிக்கு அடியில் ஒளித்துவைத்தாள். ஊருக்குப் பொதுவான வண்டியைப் பதுக்கலாமா என்று கேட்டேன்.

"நீ சும்மா இருடி. நான் வெளியில விட்டா இன்னொருத்தி எடுத்துனு போயிடுவா."

அந்த இன்னொருத்தியும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். கொஞ்ச நாளில் வீட்டுக்கு வீடு ஒரு வண்டி உள்ளே போய்விட்டது. தெருவில் ஒன்றுகூட இல்லை.

ஆயுத பூஜை வந்தது. சந்தே வண்டிகளைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தது. அக்கா ஹேண்டில்பாரில் வாழைக்கன்று கட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரி கடலை படைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எவனோ ஒருவனுடைய வண்டிக்கு இத்தனை உபசாரம் செய்த ஜனங்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

பூஜை முடிந்த கையோடு வாடகை வண்டிக் கம்பெனி ஆட்கள் டெம்போவில் வந்தார்கள். வீடு வீடாக நுழைந்து ஏற்றினார்கள். அக்கா ஹேண்டிலை விடவில்லை.

"அண்ணா, பையன ஸ்கூலுக்கு அனுப்பணும். இது ஒண்ண மட்டும் வுட்டுட்டுப் போங்கண்ணா."

"போன்ல பாத்தா வண்டி இருக்குன்னு காட்டுது, வந்து பாத்தா இல்ல. தினம் கம்ப்ளெய்ன்ட். பேட்டரி மாத்தக்கூட முடியல. இந்த ஏரியாவே வேணாம்னுட்டாங்கம்மா" என்றார் வந்தவர்களில் ஒருவர். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? எங்கள் தலையில் நாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அக்கா பலமுறை கேட்டுக்கு வெளியே நின்றாள். இன்னொரு தரம் தாமதமானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். என் ஷிப்டை மாற்றக் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களும் அதே ஓட்டத்தில்தான் இருந்தார்கள். கடைசியில் பையனைக் கிருஷ்ணகிரியில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தாள். பஸ் ஏறும்வரை அவன் இது டூர் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

அவனை விட்டுவிட்டு வந்த மறுநாள் காலை, வேலையில் இருந்த என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"நடந்தே வந்துட்டேன்டி. கேட்டு இன்னும் தொறக்கல. சும்மாதான் நின்னுனு இருக்கேன்."