பலகைக்குக் கீழே ஈர மண்

லண்டன் பிளேஸ்டோவில் நாங்கள் வாடகைக்கு இருந்தது விக்டோரியா ராணி காலத்துத் தொடர்வீடுகளில் ஒன்று. முன்னறைச் சுவரின் அடியில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். பிளீச் போட்டுத் துடைத்தால் இரண்டு கிழமையில் மறுபடி வந்துவிடும். அந்த அறையில் படுத்த என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அந்தக் குளிர்காலம் முழுவதும் இருமினாள்.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதை நெருங்கியவர். எப்போது முறையிட்டாலும் ஒரே பதில்தான்.

“பிள்ளை, ஜன்னலைப் பூட்டி வைச்சுக்கொண்டு சமைக்கிறியள். ஆவி எங்கை போறது?”

ஜனவரிக் குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தேன். சுவர் காயவில்லை. கடைசியில் மகளைப் பார்த்த டாக்டர், அறையின் ஈரம் காரணமாக இருக்கலாம் என்று எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தை வீட்டுக்காரர் இரண்டு தரம் வாசித்தார். அடுத்த நாளே தெரிந்த மேசன் ஒருவரை அழைத்து வந்தார்.

மேசன் சுவரோரம் இரண்டு தரைப் பலகைகளைக் கழற்றினார். தாங்கு மரங்கள் ஈர மண்ணில் கிடந்தன. ஒன்றை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். கேக்கில் இறங்குவதுபோல் இறங்கியது. செங்கல் இடுக்கிலிருந்து சாந்தைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். நசுக்கினேன், மண்ணாக உதிர்ந்தது.

“சுண்ணாம்பு பேருக்குத்தான் போட்டிருக்கிறாங்கள். வேலையாக்களுக்கு வாடகைக்கு விட அவசரத்திலை கட்டினது. நிலத்து ஈரம் மேலை ஏறாமல் தடுக்க ஒண்டுமே வைக்கேல்லை. இவ சமைச்சாலும் சமைக்காட்டிலும் இது இப்பிடித்தான், அண்ணை.”

வீட்டுக்காரர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அவர் மனைவி இறந்துபோனவர் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் இருவரும் பதினெட்டு வருடம் இந்த வீட்டில் இருந்தார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

“அவவும் இந்த அறையிலைதான் படுத்தவ. முட்டு இழுக்கும், இரவிலை மூச்சு விடக் கஷ்டப்படுவா. ஜன்னலைத் திறக்கிறேல்லை எண்டு அவவைத்தான் நான் ஏசினனான்.”

எத்தனையோ நாளாக அவரிடம் சொல்ல வைத்திருந்த கோபம் என்னிடம் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

மூன்று கிழமை நாங்கள் மேல் அறையில் நெருக்கிப் படுத்தோம். மேசன் மரங்களை மாற்றி, அடைபட்டிருந்த காற்றுத் துவாரங்களைத் திறந்தார். வீட்டுக்காரர் தினமும் வந்து ஈர மண்ணை வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோனார்.

“விடுங்கோ ஐயா, உங்களுக்கு ஏலாது” என்றேன்.

“ஏலும்” என்றார், நிமிராமலே.

மகளின் இருமல் முழுதாக நிற்கவில்லை. ஆனாலும் கோடைக்குள் பள்ளிக்கூடப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறத் தொடங்கினாள். வீட்டுக்காரர் அவளைக் கண்டால் முதலில் கேட்பது, “இரவு நல்லா நித்திரை கொண்டனியோ, குஞ்சு?”

“ஆல் நைட், தாத்தா” என்பாள்.