ரி இல்லாத பக்கம்

நூலகத்தின் பின்பக்கம், பழைய புத்தகங்களை ஒட்டித் தைக்கும் அறையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறாள் அவள். எல்லோருக்கும் பசையம்மா. தெலுங்கைக் கடகடவென்று வாசிப்பாள். பேசச் சொன்னால் ஒரு வாக்கியம் வராது. நூலகர் அதை ‘ஊமைத் தெலுங்கு’ என்பார். பாட்டுப் புத்தகம் படிப்பதற்காகச் சின்ன வயதில் அக்காவும் அவளும் கற்றுக்கொண்ட எழுத்து அது.

அக்கா பாடுவாள். எதிர்வீட்டு வயலின் டீச்சரிடம் காதால் கேட்டே பாடம் பண்ணியவள். தங்கைக்குக் குரல் கிடையாது. அப்பா வாங்கித் தந்த அச்சுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்வரம் சரிபார்ப்பாள். பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியிலும் முன்வரிசையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அக்கா இரண்டாவது வரிக்கு வந்ததும் பன்னிரண்டு வயசு வாய் சும்மா இருக்கவில்லை.

“அக்கா, ரி-யை விட்டுட்டே! புக்குல இருக்கு!”

ஹாலே சிரித்தது. அக்கா அந்த இடத்தோடு நிறுத்தினாள். இறங்கி வந்தவள் திட்டவில்லை. தங்கையின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அப்புறம் சாகும்வரை பாடவே இல்லை.

அக்கா போய் எட்டு வருஷம். அந்த வரி மட்டும் போகவில்லை. பசை கிண்டும்போது, படியேறும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது, பின்னாலிருந்து மெதுவாக ஆரம்பிக்கும். அக்கா குரலேதான். அதே இடம்வரை வந்து நின்றுவிடும். அடுத்த ஸ்வரத்துக்காக இவள் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பாள். வராது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் டாக்டரிடம் போ என்பார்கள். போய், குரல் ஒரேயடியாக நின்றுவிட்டால்?

ஒருநாள் காலையில், யாரோ வீடு காலி செய்து கொடுத்த ஒரு கட்டு வந்தது. அதில் செல்லரித்த ஒரு தெலுங்கு சங்கீத நூல். பாட்டை ஸ்வரத்தோடு அச்சடிக்கத் தொடங்கிய காலத்துப் புத்தகம். ஒட்டிக்கிடந்த இரண்டு தாள்களை ஈரத்துணி வைத்துப் பிரித்தாள். உள்ளே அந்தப் பாட்டு. விரல் தானாக இரண்டாவது வரிக்குப் போனது.

ரி இல்லை.

பூச்சி தின்றிருக்கும் என்று தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். அந்த இடத்தில் ஓட்டை இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தாள். க-வும் ஸ-வும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. அப்பா வாங்கித் தந்தது இதே நூலின் பிந்தைய அச்சு. நூலகத்தில் அதற்கொரு பிரதி உண்டு. ஓடிப்போய் எடுத்து வந்தாள். அதில் ரி இருந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் ‘பிழை திருத்திய பதிப்பு’ என்று போட்டிருந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு நூலகரிடம் போனாள்.

“இதுல எது சார் சரி?”

நூலகர் இரண்டையும் புரட்டினார். “ரெண்டுமே சரியா இருக்கலாம்மா. ஒவ்வொருத்தர் பாடுற வழி ஒண்ணு. ஒண்ணு அச்சுல ஏறிட்டா இன்னொண்ணு தப்பாயிடுமா?”

சாயங்காலம் நேராக அக்கா புருஷன் வீட்டுக்குப் போனாள். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அக்கா தப்பாப் பாடல.”

“தெரியும்.” அவர் நிமிரவில்லை. “அவளுக்கும் தெரியும். கல்யாணமான புதுசுல அந்த டீச்சரைப் பார்க்கப் போனோம். பழைய புக்கை எடுத்துக் காட்டினாங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ தாங்கமாட்டேன்னு சொன்னா.”

“சரி, அதுக்கப்புறமாவது பாடியிருக்கலாமே!”

“நானும் கேட்டேன். வாயைத் திறந்தாலே அந்தச் சிரிப்புதான் கேக்குதுன்னு சொன்னா. சமையல்கட்டுல, குளிக்கிறப்போ, எங்கேயும்.”

அக்காவுக்கும் பின்னால் ஒரு சத்தம் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டது இவள் வாய்.

புத்தகத்தைச் சரிசெய்ய மூன்று வாரம் பிடித்தது. மாமா ஒருநாள் பார்க்க வந்தார். தெலுங்கு எழுத்து அவருக்குத் தெரியாது.

“அவ நிறுத்தின இடம் எது?”

காட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“மிச்சத்தையும் படியேன், கேக்கலாம்.”

ராகம் போடவில்லை. எழுத்துக்கூட்டுவதுபோல, ஒரு சொல்லையும் விடாமல் கடைசிவரை வாசித்தாள்.