தண்ணீர் வந்த திசை

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் நானும் என் மனைவியும் திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடற்கரையோரமாக நடந்தோம். மணப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஆறு கடலில் விழுகிறது.

"யாரையாவது கேட்டுட்டு எறங்குவோம்" என்றாள்.

"குத்தாலத்து அருவில குளிச்சு வளந்தவனுக்கு நீ தண்ணியப் பத்திச் சொல்லித் தாரியோ?" என்றேன். தென்காசித் திமிர்.

முழங்கால் தண்ணீர்தான். நடுவில் இருந்த மணல் திட்டில் அவள் கால்வலியோடு உட்கார்ந்தாள். பேச்சில் நேரம் போனது தெரியவில்லை; பார்த்தால் இருபுறமும் தண்ணீர் ஏறிவிட்டது. இறங்கிப் பார்த்தேன். நெஞ்சளவு. இருவருக்கும் நீச்சல் தெரியாது.

குற்றாலத்தில் வெள்ளம் மலையிலிருந்து கலங்கி, சருகோடு வரும். அதனால் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஆனால் திட்டு பாயளவுக்குச் சுருங்கிவிட்டது. அவள் என் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கரையிலிருந்து ஒரு மீனவர் கத்தினார்: "அண்ணாச்சி, மேக்க என்னத்தப் பாக்கீக? ஏறுதது கடலுல்லா!"

கட்டுமரம் கொண்டுவந்து எங்களை ஏற்றியவர், "ஒரு ஆளக் கேக்கதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று ஏசினார்.

"நல்லாக் கேளுங்க" என்றாள் என் மனைவி.

இப்போதெல்லாம் தெரியாத ஊரில் தண்ணீரில் கால் வைக்குமுன், அது எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்கிறேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். கேட்க வெட்கப்படுகிற மடையர்களுக்காகத்தான் இதை எழுதினேன். மனைவியோடு போகிற மடையன் அவள் சொல்வதையாவது கேட்கட்டும்.