எழும்பி நின்று அந்த அக்கா சொன்னது

இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருகோணமலையில் துறைமுகத்துக்கு இறங்கும் வீதியில் உள்ள தியேட்டர் வாசலில், மத்தியானக் காட்சி முடிந்து சனம் வெளியே வருகிற நேரம். தாய்லாந்துச் சண்டைப் படம் ஒன்று, தமிழில் குரல் கொடுத்து வந்திருந்தது. ஒரு கையில் மைக்கும் மறு கையில் போனுமாக வெயிலில் வெந்துகொண்டு நின்றேன் நான்.

நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிழமை நாட்களில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் போட்டோகொப்பி அடிக்கிற பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெரிய ஆள்! ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்தினேன். புதுப்படம் வந்தால் வாசலில் நின்று "படம் எப்படி?" என்று கேட்டு, பதில்களை வெட்டி ஒட்டிப் போடுவேன். கேட்பதும் நான், வெட்டுவதும் நான், கீழே சனம் எழுதுகிற திட்டுகளை வாசிப்பதும் நான்தான்.

அன்றைக்கு நல்ல அறுவடை. ஒரு பெடியன் போனுக்குள் விழுகிற மாதிரிக் குனிந்து, "முழங்காலால ஒண்டு குடுத்தான் பாருங்கோ, என்ர நெஞ்சு நோகுது" என்றான். இன்னொருவன், "கயிறு கட்டாமலே பாயிறானாம், எங்கட ஆக்கள் படி ஏறவே கயிறு கட்டுவாங்கள்" என்றான். வயதான ஐயா ஒருவர், "ஏசிக்குள்ள கொஞ்சம் நித்திரை கொள்ளுவம் எண்டு வந்தனான். எங்க விட்டாங்கள்? விடிய வெளிக்கிட்டவன் பொழுதுபடும் மட்டும் அடிக்கிறான்" என்று சலித்துக்கொண்டார். எல்லாம் இருபது விநாடிக்குள் முடிகிற பதில்கள். எங்கள் வேலைக்கு இருபது விநாடிதான். அதற்கு மேல் போனால் சனம் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடும்.

அப்போதுதான் அந்த அக்கா வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். சுடிதார், தோளில் துணிப்பை, பின்னால் பள்ளிக்கூட வயதில் நாலு பெண் பிள்ளைகள். சண்டைப் படத்துக்கு எங்கள் ஊரில் பெண்கள் வருவதே அரிது. விடுவேனா? ஓடிப்போய் மறித்தேன். முதலில் வேண்டாம் என்று கையைக் காட்டியவர், என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு நின்றார்.

"நான் பிள்ளையளுக்கு ஜூடோ பழக்கிறனான். பாடம் எண்டுதான் இதுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்று தொடங்கினார். "எல்லாரும் அடியைத்தான் பாக்கினம். அடிக்கிறது பெரிய விசயம் இல்லை தங்கச்சி. கொஞ்ச நாள் பழகினா நானும் அடிப்பன், இந்தப் பிள்ளையளும் அடிப்பினம். அந்தப் பெடியன் விழுறதைப் பாத்தனீங்களோ? அவ்வளவு உயரத்தில இருந்து விழுந்தும் தலை நிலத்தில முட்டேல்லை. தலையைக் குனிஞ்சு நாடியை நெஞ்சோட வைச்சு, கையால நிலத்தை அறையவேணும். இருங்கோ, காட்டுறன்."

பையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, அந்தத் தார் ரோட்டில் மனுசி பின்பக்கமாக விழுந்தார்! இரண்டு கையும் நிலத்தில் படார் என்று அறைந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் கச்சான் கடலை விற்றவர் முதல் ஓட்டோக்காரர் வரை சிரித்தார்கள். பிள்ளைகள் நாலும் கைதட்டினார்கள். அக்கா எழும்பி, சுடிதாரைத் தட்டிவிட்டு, கொஞ்சமும் கூச்சப்படாமல் தொடர்ந்து பேசினார். இரண்டு நிமிடமாவது பேசியிருப்பார். போன் பதிந்துகொண்டிருந்தது. என் கண் மட்டும் கதவடியில் இருந்தது. அங்கே பெடியன்கள் கூட்டம் ஒன்று படத்தில் வந்த மாதிரி ஒருவனை ஒருவன் உதைத்துக்கொண்டு வந்தது. அவர்கள் போய்விடுவார்களே என்று எனக்குப் பதைப்பு. "சரி அக்கா, நன்றி அக்கா" என்று மைக்கை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

பின்னேரம் வீட்டில் இருந்து வெட்டினேன். "அடிக்கிறது பெரிய விசயம் இல்லை தங்கச்சி, நானும் அடிப்பன்" என்ற இடம் வரை எடுத்தேன். நடுவில் இருந்த விளக்கத்தைத் தூக்கினேன். நேரே விழுகிற காட்சி. நிலத்தை அறைகிற சத்தத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பானை உடைகிற சத்தம் ஒன்றைப் போட்டேன். அதற்குப் பிறகு கச்சான்காரரின் சிரிப்பு. "தாய்லாந்துக்கே சவால் விட்ட திருகோணமலை அக்கா" என்று தலைப்பு. எனக்கே சிரிப்பு அடக்க ஏலாமல் போய்விட்டது. போனில் இடம் இல்லாததால், வழக்கம் போல முழுப் பதிவையும் அன்றைக்கே அழித்தேன்.

பிறகு என்ன, பற்றிக்கொண்டது! என் பக்கத்தில் அதுவரை எதையும் அத்தனை பேர் பார்த்ததில்லை. இறக்கக்கண்டியில் இருக்கிற என் மச்சாள் தன் வள்ளத்துக்காரப் புருசனின் வாட்ஸப் குழுவுக்கு வந்தது என்று எனக்கே அனுப்பிவைத்தாள். கடை முதலாளி போட்டோகொப்பிக்கு வருகிறவர்களிடம், "இந்தப் பிள்ளைதான் எடுத்தது" என்று என்னைக் காட்டினார். நான் பெருமையில் மிதந்தேன். உள்ளதைச் சொல்லவேண்டும், மிதந்தேன்தான்.

வீடியோ போட்ட மூன்றாம் கிழமை ஒரு தாய் மகளின் பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்க வந்தார். மீன் சந்தைக்குப் பக்கத்தில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர், முகம் தெரிந்தவர். முதலாளி வழக்கம் போல வீடியோவைப் போட்டுக் காட்டினார். அந்த அம்மா பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, நீங்களோ இது? உங்களுக்குப் புண்ணியம். என்ர மகள் இவவிட்டத்தான் ரெண்டு வருசமா சனிக்கிழமையில போனவள். தேவாலய மண்டபத்தில பழக்கிறா. நானும் மனுசி எதோ பெரிசாத் தெரிஞ்சவ எண்டு நம்பி விட்டிருந்தன். இப்பதானே விளங்குது, நடுரோட்டில தனக்கே நிக்கத் தெரியாது. பிள்ளையளையும் படத்துக்குக் கூட்டிக்கொண்டு திரியிறா. இது போனில வந்த அண்டைக்கே அவளை மறிச்சுப்போட்டன். மற்றத் தாய்மாரும் விடேல்லை."

"இல்லை அம்மா, அது அவ வேணுமெண்டு விழுந்து காட்டினது..." என்று இழுத்தேன்.

"சும்மா இருங்கோ. நீங்கள்தானே போட்டனீங்கள்" என்று சிரித்துக்கொண்டே கொப்பிகளை வாங்கிக்கொண்டு போனார். நான் பின்னால் போய் மறிக்கவில்லை. முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த ஆள் அடையாள அட்டையோடு நின்றார் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். உண்மையில் நான் செய்ததை என் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கே வீடியோவைத் தூக்கினேன். தூக்கி என்ன? இன்னும் பத்துப் பக்கங்களில் ஓடிக்கொண்டிருந்தது. முழுப் பதிவைத் தேடினேன். போனில் இல்லை, மச்சாளிடம் இல்லை, எங்கும் இல்லை. விசர் பிடித்தவள் மாதிரி அழித்த கோப்புகளை மீட்கிற இடத்துக்கெல்லாம் போனைக் கொண்டு திரிந்தேன். ஏலாது என்றுவிட்டார்கள்.

விசாரித்து அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். கப்பல்துறையில், கண்டி வீதியில் இருந்து உள்ளே கொஞ்சத் தூரம். பள்ளிக்கூட வெள்ளைச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெசினை நிற்பாட்டவில்லை. ஆனால் "கதிரையில இருங்கோ" என்றார். தேத்தண்ணியும் தந்தார். அதுதான் எனக்கு இன்னும் கூடுதலாகச் சுட்டது.

நான் அழுது மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு கழுத்துப் பட்டியைத் தைத்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"மாகாணப் போட்டிக்குக் குழுவா அஞ்சு பேர் வேணும். எட்டுப் பேர் வந்தவை. இப்ப ரெண்டு பேர்தான். ஆள் சேராட்டி மண்டபத்தையும் ரியூசனுக்குக் குடுக்கப் போகினமாம். வாற மாசத்துக்குள்ள பேர் குடுக்கவேணும்."

"அக்கா, நீங்கள் இன்னொருக்காச் சொல்லுங்கோ. ஒண்டும் வெட்டாமல் முழுசாப் போடுறன். அப்ப எல்லாருக்கும் விளங்கும்" என்று போனை எடுத்தேன்.

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். "ஒருக்கா விழுந்து காட்டினது போதும் தங்கச்சி. அண்டைக்கு ஆம்பிளையள் ஆரும் மைக்கோட வந்திருந்தா நான் நிண்டிருக்கமாட்டன். நீங்கள் ஒரு பொம்பிளைப் பிள்ளை எண்டபடியாத்தான் நிண்டு கதைச்சனான். நீங்களாவது போய் அந்தத் தாய்மாருக்குச் சொல்லுங்கோ. கிட்ட நிண்டு கேட்டனீங்கள்தானே, நான் என்ன சொன்னனான் எண்டு."

நான் ஓம் என்றேன். ஓம் ஓம், கட்டாயம் சொல்லுறன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எப்படிப் பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நேரே மரக்கறிக் கடைக்குத்தான் போனேன். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. நான் வெட்டினது, சத்தம் மாற்றினது, அவர் வேண்டுமென்று விழுந்தது, எழும்பி நின்று பேசினது எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டே கேட்டார். முகம் கொஞ்சம் இளகினது போலத்தான் இருந்தது.

"அப்ப விழுந்து எழும்பின பிறகு என்ன சொன்னவ?" என்று கேட்டார். "என்ர பிள்ளைக்கு ரெண்டு வருசமா விழத்தான் பழக்கினவ. தலை முட்டாமல் இருக்க எண்டது சரி, அடிக்க முதல் ஏன் விழப் பழகவேணும் எண்டு நான் கேக்க அவளுக்கும் சொல்லத் தெரியேல்லை. பழக்கிறவ என்ன காரணம் சொன்னவ? அதைச் சொல்லுங்கோ, நான் விடுறன்."

நான் அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். கதவடியில் பெடியன்கள் உதைத்துக்கொண்டு வந்தது ஞாபகம் இருந்தது. அதில் ஒருவனின் சிவப்புத் தொப்பி கூட ஞாபகம் இருந்தது. அக்காவின் வாய் அசைந்ததும் ஞாபகம். சொன்னது என்னவென்று தெரியாது. ஒரு சொல்கூட இல்லை, சத்தியமாக ஒரு சொல்கூட இல்லை. சமாளிக்கப் பார்த்தேன். "அது... பிள்ளையளின்ர நன்மைக்கு எண்டு..." என்று ஏதோ உளறினேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். கோபம்கூட இல்லை. "நீங்களும் கேக்கேல்லைப் போல" என்றுவிட்டு அடுத்த ஆளுக்குக் கத்தரிக்காயைக் கொடுத்தார்.

திரும்பக் கப்பல்துறைக்குப் போய், "அக்கா, நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டிருக்கலாம். அன்றைக்குக் கூட நின்ற பிள்ளைகளிடமாவது கேட்டிருக்கலாம். நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். எனக்கு முகம் இல்லை. கிட்ட நின்று கேட்டனீங்கள்தானே என்ற மனுசியிடம், இல்லை, அதையும் கேட்கவில்லை என்று எப்படிப் போய்ச் சொல்வது? இன்றைக்கு, நாளைக்கு என்று நாளைக் கடத்தினேன். மன்னிப்பு வீடியோ ஒன்று மட்டும் போட்டேன். அதை நாற்பது பேர்கூடப் பார்க்கவில்லை. பேர் கொடுக்கிற மாதமும் முடிந்தது. இப்போது சனிக்கிழமைகளில் அந்த மண்டபத்தில் கணித வகுப்பு நடக்கிறது.

பக்கத்தை மூடிவிட்டேன். போன கிழமை துறைமுக வீதியில் இரண்டு பெடியன்கள் "நானும் அடிப்பன்" என்று கத்தி, பின்பக்கமாக விழுந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் வீடியோதான், இன்னும் எங்கேயோ ஓடுகிறது. ஒருவனின் பின்தலை நிலத்தில் டொக்கென்று முட்டியது. தலையைத் தடவிக்கொண்டு அழுகிறவனிடம் ஓடிப்போய், "நாடியை நெஞ்சோட வைக்கவேணும் தம்பி, கையால நிலத்தை அறையவேணும்" என்றேன். "ஏன் அக்கா விழப் பழகவேணும்?" என்று கேட்டான்.

இப்போது யார் பேசினாலும் கண்ணை வேறெங்கும் எடுக்காமல் கடைசிச் சொல் வரை நிற்கிறேன். ஆனாலும் என் கையில் பிடித்திருந்த மைக்கில் அந்த அக்கா எழும்பி நின்று சொன்ன அந்த இரண்டு நிமிடத்தை, கேட்கவென்றே அவரை மறித்த நான் கேட்கவே இல்லை.